வெள்ளை ஆல்பம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி, ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்போம். பிரிட்டனின் நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸ் 1968-ல் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தை மட்டும் இதுவரை மூன்று தடவை போட்டாயிற்று. மூன்று தடவையும் வந்த ஆட்கள் வேறு வேறு, கேள்விகள் மட்டும் அதே. பதில் சொல்லி முடிப்பதற்குள் என் டீ ஆறிப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரு இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

முதல்ல இதுக்குப் பேரு என்ன? வெள்ளை ஆல்பமா, பீட்டில்ஸா?

அட்டையில் அச்சாகியிருக்கும் பெயர் 'தி பீட்டில்ஸ்', அவ்வளவுதான். குழுவின் பெயரே ஆல்பத்தின் பெயரும். அட்டை முழுக்க வெள்ளை என்பதால் ஜனங்கள் 'வெள்ளை ஆல்பம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பிரிட்டனில் 1968 நவம்பர் 22 அன்று வெளிவந்தது. அவர்களே தொடங்கிய ஆப்பிள் நிறுவனத்தின் முத்திரையோடு வந்த முதல் பீட்டில்ஸ் ஆல்பம் இதுதான். (போன் விற்கிற ஆப்பிள் இல்லை. இதையும் ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள்.)

அட்டையை வடிவமைத்தவர் ரிச்சர்டு ஹாமில்டன் என்ற பிரிட்டிஷ் ஓவியர். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'சார்ஜன்ட் பெப்பர்' அட்டையில் திருவிழாக் கூட்டம் போல முகங்களை நிரப்பியிருந்தார்கள். இதில் ஒன்றுமே இல்லை. பெயரைக்கூட மையில் அச்சிடாமல், கொஞ்சம் கோணலாக, விரலால் தடவினால் தெரிகிற புடைப்பு எழுத்தில் வைத்தார்கள். உள்ளே மட்டும் ஒரு பெரிய போஸ்டரும் நால்வரின் தனித்தனி வண்ணப் படங்களும் இருந்தன. நான்கு பேரும் சேர்ந்து நிற்கும் படமாக இல்லாமல் ஆளுக்கொரு படமாகப் போட்டிருப்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரட்டை ஆல்பம்னா ரெண்டு ஆல்பத்தைச் சேர்த்து விக்கிறதா?

இல்லை, ஒரே ஆல்பம்தான். ஒரு தட்டில் அடங்காததால் இரண்டு தட்டு. எல்.பி. ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் சௌகரியமாகக் கொள்ளும். அதற்குமேல் திணித்தால் பள்ளங்களை நெருக்க வேண்டும், சத்தத்தின் கனம் குறைந்துவிடும். இந்த ஆல்பம் சுமார் 93 நிமிடம். ஆகவே இரண்டு தட்டு, நான்கு பக்கம்.

இந்த 'நான்கு பக்கம்' என்பதை மறந்துவிட்டால் ஆல்பம் பிடிபடாது. இன்று போனில் 30 பாட்டும் ஒரே நீளமான பட்டியலாக வருகிறது, பதினைந்தாவது பாட்டுக்குள் ஆள் சலித்துவிடுகிறார். அன்று கேட்டவர்களுக்கு அப்படி இல்லை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். அந்த இடைவெளியை மனதில் வைத்தே பாடல்களை அடுக்கியிருக்கிறார்கள்.

முப்பது பாட்டு சரி, யார் யார் எழுதினது?

ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி இருவர் பெயரும் சேர்ந்து 25 பாடல்களில் இருக்கும். ஜார்ஜ் ஹாரிசன் 4, ரிங்கோ ஸ்டார் 1. அந்த ஒன்று 'டோன்ட் பாஸ் மீ பை', ரிங்கோ தனியாக எழுதி வெளிவந்த முதல் பாட்டு.

அந்த 25-ல் இரண்டு பெயர் இருந்தாலும் பெரும்பாலும் ஒருவர் வேலைதான். யார் முக்கியமாகப் பாடுகிறாரோ அவர் எழுதியது என்று வைத்துக்கொண்டால் அநேகமாகத் தப்பாது. பெரிய விதிவிலக்கு கடைசிப் பாட்டு 'குட் நைட்'. மகன் ஜூலியனுக்குத் தாலாட்டாக எழுதியது ஜான், பாடியது ரிங்கோ. தனக்கு இது ரொம்பக் கொஞ்சலாகப் போய்விடும் என்று ஜானுக்குத் தயக்கமோ என்னவோ. எனக்கு அதை ரிங்கோவின் குரலில் தவிர நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் சம்பந்தமே இல்லையே, இது ஆல்பமா கூட்டாஞ்சோறா?

கூட்டாஞ்சோறு என்றால் ஆளுக்கொன்று கொண்டுவந்தாலும் ஒரே பானையில் வேகும். இங்கே ஆளுக்கொரு அடுப்பு. முதல் பாட்டு 'பேக் இன் தி யுஎஸ்எஸ்ஆர்' சக் பெர்ரியின் ராக் அண்ட் ரோலையும் பீச் பாய்ஸ் குழுவின் குரல்களையும் கிண்டல் செய்கிற துள்ளல். 'ஒப்லாடி ஒப்லாடா' ஜமைக்காவின் ஸ்கா தாளம். 'ராக்கி ரக்கூன்' அமெரிக்க கௌபாய் கதை. 'யெர் புளூஸ்' புளூஸ். 'ஹனி பை' 1920-களின் நாடகமேடைப் பாட்டு. 'பிகீஸ்' பாட்டில் ஹார்ப்சிகார்டு என்ற, பியானோ போன்ற பழைய காலத்து வாத்தியம். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' காதைக் கிழிக்கும். இவற்றுக்கு நடுவே ஒற்றைக் கிட்டாரோடு முடிந்துவிடும் பாடல்களும் உண்டு.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிய குவியல் இல்லை. 1968 அக்டோபர் 16, 17-ல் ஜானும் பாலும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஏறத்தாழ 24 மணி நேரம் விழித்திருந்து வரிசையை அமைத்தார்கள். ஜார்ஜ் ஹாரிசனின் நான்கு பாட்டும் பக்கத்துக்கு ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். கருங்குருவி ('பிளாக்பேர்டு'), பன்றிக்குட்டிகள் ('பிகீஸ்'), ரக்கூன் ('ராக்கி ரக்கூன்') என்று பிராணிப் பாட்டுகள் மூன்றும் இரண்டாம் பக்கத்தில் வரிசையாக நிற்கும். சத்தமான ராக் பெரும்பாலும் மூன்றாம் பக்கத்தில். பாடல்களுக்கு நடுவே வழக்கமான மௌனம் அநேகமாகக் கிடையாது. முதல் பாட்டின் விமானச் சத்தம் தேய்ந்துகொண்டிருக்கும்போதே 'டியர் புரூடன்ஸ்' கிட்டார் அதற்குள்ளிருந்து எழும்பி வரும். அந்த ஒரு இடத்தை மட்டும் ஹெட்போனில் கேட்டுவிட்டு, பிறகு சொல்லுங்கள் சம்பந்தம் இல்லை என்று.

ரிஷிகேஷ்ல எழுதினதாமே? எல்லாமேவா?

எல்லாம் இல்லை, ஆனால் கணிசமான பங்கு. 1968 பிப்ரவரியில் நால்வரும் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குத் தியானம் கற்கப் போனார்கள். சிறுவயதிலிருந்தே வயிற்று உபாதை உள்ள ரிங்கோ ஒரு பெட்டி நிறைய டின் பீன்ஸ் கொண்டுபோயிருந்தார். பத்து நாளில் ஊர் திரும்பிவிட்டார். பால் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தார். ஜானும் ஜார்ஜும் ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தார்கள். டெலிபோன் தொல்லை இல்லை, ரசிகர் கூட்டம் இல்லை, கையில் இருந்தது மரக் கிட்டார் மட்டும். பாட்டுகள் கொட்டின.

ஆசிரமத்து ஆட்களே பாட்டாகவும் ஆனார்கள். நடிகை மியா ஃபாரோவின் தங்கை புரூடன்ஸ் அறையை விட்டு வெளியே வராமல் தியானத்திலேயே மூழ்கிக் கிடந்தார். அவரை வெளியே வரச் சொல்லிக் கெஞ்சுவதுதான் 'டியர் புரூடன்ஸ்'. தியானத்துக்கு நடுவே புலி வேட்டைக்குப் போய்வந்த ஒரு அமெரிக்க இளைஞரைக் கேலி செய்வது 'பங்களோ பில்'. ஊர் திரும்பியதும் மே மாதம், லண்டனை அடுத்த ஈஷரில் இருந்த ஜார்ஜ் வீட்டில் உட்கார்ந்து இருபத்தேழு பாடல்களை வெள்ளோட்டமாகப் பதிவு செய்துகொண்டார்கள். அந்த டேப் 2018-ல் அதிகாரபூர்வமாக வெளிவந்திருக்கிறது. ஆல்பத்தைவிட எனக்கு அது பிடிக்கும் என்று ஒருவர் எங்கள் வீட்டில் சொன்னார். அவர் மேல் வருத்தம் இல்லை.

இந்தியாவுக்கு வந்து எழுதின பாட்டுன்னா சித்தார் எங்கே போச்சு?

நல்ல கேள்வி. சித்தார் வந்தது அதற்கு முந்தைய ஆல்பங்களில், ஜார்ஜ் அதைக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில். இந்தியாவிலேயே தங்கி எழுதிய இந்த ஆல்பத்தில் சித்தாரோ தபலாவோ கிடையாது. வேடிக்கைதான். கூட வந்திருந்தவர்களில் ஸ்காட்லாந்துப் பாடகர் டோனவனும் ஒருவர். நாட்டுப்புறப் பாடகர்கள் கையாளும், கட்டை விரலும் மற்ற விரல்களும் மாறி மாறித் தந்தியைப் பறிக்கும் முறையை அவர் ஜானுக்குச் சொல்லிக்கொடுத்தார். ரிஷிகேஷிலிருந்து ஜான் கொண்டுபோன வாத்தியப் பாடம் அதுதான். 'ஜூலியா', 'டியர் புரூடன்ஸ்' இரண்டிலும் அதைக் கேட்கலாம்.

ஒன்று மட்டும் என் காதுக்குத் தோன்றுவது. 'டியர் புரூடன்ஸ்' பாட்டில் கிட்டாரின் கடைசித் தடித் தந்தியைச் சுருதி இறக்கி வைத்திருக்கிறார்கள். மேலே சுரங்கள் இறங்கி ஏறினாலும் அடியில் அந்த ஒரு சுரம் விடாமல் நிற்கும். தம்புரா கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும்.

மகரிஷியைத் திட்டி ஒரு பாட்டு இருக்காமே, எது?

'செக்ஸி சேடி'. ஆசிரமத்தில் கிளம்பிய ஒரு வதந்தியை நம்பி ஜான் கோபித்துக்கொண்டு வெளியேறினார். வதந்தி நிரூபிக்கப்படவே இல்லை. கோபத்தில் முதலில் மகரிஷியின் பெயரையே போட்டு எழுதியவர், அப்புறம் ஒரு கற்பனைப் பெண்ணின் பெயராக மாற்றிவிட்டார். கோபத்தை நீக்கிவிட்டுக் கேட்டாலும் அந்தப் பியானோ நன்றாகத்தான் இருக்கிறது.

நாலு பேரும் சண்டை போட்டுக்கிட்டேதான் பதிவு பண்ணாங்களா?

பாதி உண்மை. 1968 மே 30 முதல் அக்டோபர் 14 வரை நீண்ட பதிவு அது. மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் முந்தைய ஆகஸ்டில் இறந்துபோயிருந்தார், ஆப்பிள் நிறுவனத்தின் கணக்கு வழக்குகள் தலைக்குமேல் இருந்தன. ஜான் எங்கே போனாலும் அவருடைய காதலி யோகோ ஓனோ கூடவே இருந்தார், ஸ்டுடியோவுக்குள்ளும். வெளியாட்களை உள்ளே விடாத வழக்கம் கொண்டிருந்த குழுவில் அது புகைந்தது. ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் சூடான பேச்சுகளைச் சகிக்க முடியாமல் ஜூலை நடுவில் இந்தப் பதிவு வேலையை விட்டே போனார். செப்டம்பரில் ஜார்ஜ் மார்ட்டினும் விடுமுறை எடுத்துக்கொண்டு, பொறுப்பை கிறிஸ் தாமஸ் என்ற இளைஞரிடம் விட்டுவிட்டுப் போனார். மேலே சொன்ன ஹார்ப்சிகார்டை வாசித்தது அவர்தான்.

பல நாள் இவர் ஒரு ஸ்டுடியோவிலும் அவர் அடுத்த ஸ்டுடியோவிலும் தனித்தனியாக வேலை செய்தார்கள். நால்வரும் சேர்ந்து வாசிப்பது சுமார் பாதிப் பாடல்களில்தான். 'பிளாக்பேர்டு' பாட்டில் பால் தவிர யாரும் இல்லை. தாளம் மாதிரி டக் டக்கென்று கேட்பது அவருடைய கால் தரையைத் தட்டும் சத்தம். 'ஜூலியா' பாட்டில் ஜான் மட்டும். முதல் பதிலில் சொன்ன நான்கு தனிப்படங்கள் இப்போது புரிகிறதா?

மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். 'யெர் புளூஸ்' பதிவுக்கு நால்வரும் ஸ்டுடியோவை ஒட்டிய ஒரு குறுகலான அறைக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று வாசித்தார்கள். 'பர்த்டே' கிட்டத்தட்ட ஒரே ராத்திரியில் அங்கேயே கட்டியது. வெறும் சண்டையில் இந்தச் சத்தம் வராது.

ரிங்கோ நடுவுல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரே, அப்போ டிரம்ஸ் யாரு?

ஆகஸ்ட் 22-ல் போனார், செப்டம்பர் முதல் வாரத்தில் திரும்பி வந்தார். தான் சரியாக வாசிக்கவில்லை, மற்ற மூவரும் ஒட்டாக இருக்கிறார்கள், தான் மட்டும் வெளியாள் என்ற நினைப்பு அவருக்கு. சொல்லப் போனால் மற்ற மூவரும் அவர்களே ஒட்டாக இல்லை என்பதுதான் கூத்து. நேராக சார்டினியா தீவுக்குப் போய் நடிகர் பீட்டர் செல்லர்ஸின் படகில் இருந்தார். அங்கே ஆக்டோபஸைப் பற்றிக் கேட்ட கதை அடுத்த ஆண்டு வந்த 'ஏபி ரோடு' ஆல்பத்தில் பாட்டாகிவிட்டது.

அவர் இல்லாத நாட்களில் பதிவானவைதான் ஆல்பத்தின் முதல் இரண்டு பாடல்களும். டிரம்ஸ் பெரும்பாலும் பால். ஆக, உலகத்தின் பெயர்பெற்ற டிரம்ஸ்காரர்களில் ஒருவர் இருக்கிற குழுவின் ஆல்பம் அவர் இல்லாமலேயே தொடங்குகிறது. திரும்பி வந்தபோது அவருடைய டிரம்ஸ் முழுக்கப் பூக்களால் மூடி வைத்திருந்தார்கள்.

கிட்டார் அழற பாட்டுல வாசிக்கிறது ஜார்ஜ் இல்லையாமே?

'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' எழுதியதும் பாடியதும் ஜார்ஜ். ஏதாவது புத்தகத்தைத் திறந்து கண்ணில் படுகிற முதல் வார்த்தையை வைத்து எழுதுவது என்று தீர்மானித்துத் திறந்தாராம், அங்கே கண்ணில் பட்டவைதான் 'ஜென்ட்லி வீப்ஸ்'. ஜூலையிலிருந்து பல தடவை முயன்றும் மற்றவர்கள் மனம் வைக்கவில்லை. செப்டம்பர் 6 அன்று லண்டனுக்குக் காரில் வரும் வழியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரும் பெயர்பெற்ற கிட்டார்காரருமான எரிக் கிளாப்டனை 'நீ வந்து வாசி' என்றார். பீட்டில்ஸ் ரெக்கார்டில் வெளியாள் யாரும் வாசிப்பதில்லையே என்று கிளாப்டன் தயங்கினார். வந்தார், வாசித்தார், அட்டையில் பெயர்கூடப் போடவில்லை.

விருந்தாளி வந்த வீடு மாதிரி அன்றைக்கு நால்வரும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று ஜார்ஜே பின்னால் சொல்லியிருக்கிறார். இன்னொன்று: தன் கிட்டார் ரொம்பத் தன் பாணியாகவே ஒலிக்கிறது, பீட்டில்ஸ் மாதிரி இல்லை என்று கிளாப்டனுக்குக் குறை. அதனால் கலக்கும்போது டேப்பின் வேகத்தை ஆட்டி ஆட்டி அந்தச் சத்தத்தைத் தளும்ப வைத்தார்கள். கிட்டார் நிஜமாகவே விம்முகிற மாதிரி கேட்பது அதனால்தான்.

கொசுறு: 'சவாய் டிரஃபிள்' பாட்டும் கிளாப்டனைப் பற்றியதுதான். அவருக்கு சாக்லேட் பைத்தியம். ஒரு சாக்லேட் டப்பாவின் மூடியில் இருந்த பெயர்களை வைத்தே ஜார்ஜ் அதில் வரிகள் கட்டினார்.

'ஹே ஜூட்' இதே வருஷம்தானே, ஏன் சேர்க்கலை?

இதே பதிவுக் காலத்தில், ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் உருவானதுதான். அது தனிப்பாட்டாக, அதாவது சிங்கிளாக, ஆகஸ்டில் வந்துவிட்டது. சிங்கிளாக ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர் தலையில் அதே பாட்டை மறுபடியும் ஆல்பத்தில் கட்டக் கூடாது என்பது அன்றைய பிரிட்டனின் வழக்கம். அதன் மறுபக்கத்தில் வந்த 'ரெவல்யூஷன்' வேகமானது. ஆல்பத்தில் உள்ள 'ரெவல்யூஷன் 1' அதே பாட்டின் மந்தமான, சாய்ந்து படுத்துக்கொண்டு பாடுகிற வடிவம். மந்தமானதுதான் முதலில் பதிவானது.

'ஹெல்டர் ஸ்கெல்டர்'ல ஏதோ கொலைச் சம்பந்தம் இருக்காமே?

பாட்டுக்குச் சம்பந்தம் இல்லை. அந்தப் பெயர் பிரிட்டனின் பொருட்காட்சித் திடல்களில் குழந்தைகள் சுற்றிச் சுற்றிச் சறுக்கி இறங்கும் கோபுரத்தைக் குறிப்பது. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட், தங்கள் புதுப் பாட்டுதான் இருப்பதிலேயே முரட்டுத்தனமானது என்கிற தோரணையில் பேசியதைப் படித்துவிட்டு, அதையும் மிஞ்சுகிறேன் பார் என்று பால் எழுதியது. ஜூலை 18-ல் பதிவான ஒரு டேக் 27 நிமிடத்தைத் தாண்டியது. ஆல்பத்தில் உள்ளது செப்டம்பரில் எடுத்தது. கடைசியில் விரலெல்லாம் கொப்புளம் என்று கத்துவது ரிங்கோ. மென்மையான பாட்டெழுதுபவர் என்று பாலை ஓரம்கட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் போட்டுக்காட்டுவேன்.

1969-ல் லாஸ் ஏஞ்சலஸில் கொலைகள் செய்வித்த சார்லஸ் மேன்சன், இந்த ஆல்பம் வரப்போகும் இனப்போரைத் தனக்கு ரகசியமாகச் சொல்கிறது என்று நம்பினான். சறுக்குமரத்தைப் பற்றிய பாட்டில் அவன் அதைக் கண்டுபிடித்தால் அதற்குப் பாட்டு என்ன செய்யும்?

'லாங் லாங் லாங்' முடியறப்போ கடகடன்னு ஒரு சத்தம், என் ஹெட்போன் போயிடுச்சா?

ஹெட்போன் நன்றாகத்தான் இருக்கிறது. அது ஒயின் பாட்டில். ஆர்கன் வாத்தியத்துக்கான, உள்ளே சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் யாரோ ஒரு பாட்டிலை வைத்திருந்தார்கள். பால் ஆர்கனில் ஒரு குறிப்பிட்ட கீழ்ச் சுரத்தை அழுத்தியதும் பெட்டி அதிர்ந்து பாட்டில் ஆடத் தொடங்கியது. வேறு யாராக இருந்தாலும் நிறுத்திவிட்டு இன்னொரு டேக் எடுப்பார்கள். இவர்கள் அதன்மேல் ரிங்கோவின் டிரம்ஸ் உருட்டலையும் ஜார்ஜின் ஓலம் போன்ற குரலையும் சேர்த்துப் பாட்டின் முடிவாகவே ஆக்கிவிட்டார்கள். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' கூச்சலுக்கு அடுத்தபடி, காதைக் கூர்ந்தால்தான் கேட்கும் அளவுக்கு மெல்லிய இந்தப் பாட்டு வருகிறது. முப்பதில் எனக்கு மிகப் பிடித்தது இது. ஜார்ஜ் தேடுவது காதலியை இல்லை, கடவுளை.

இப்படி விட்டுவைத்த தவறுகள் இன்னும் உண்டு. 'ஒப்லாடி ஒப்லாடா' கடைசிச் சரணத்தில் கணவன் மனைவி பெயர் இடம் மாறி, கணவன் டெஸ்மண்டு வீட்டில் உட்கார்ந்து முகத்துக்கு ஒப்பனை செய்துகொள்வார். பால் வாய்தவறிப் பாடியது, நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டார்கள்.

மோனோ, ஸ்டீரியோ, 2018 மிக்ஸ், எதைக் கேட்கணும்?

முதல் தடவை கேட்பவர் 2018-ல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் மறுபடி கலந்ததைக் கேட்கலாம். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் இன்றைய கருவிகளில் கனமாக வரும். இரண்டாம் முறை 1968-ன் ஸ்டீரியோ, அதாவது சத்தத்தை இடது, வலது என்று பிரித்துக் கலந்தது.

மோனோ, அதாவது எல்லாச் சத்தத்தையும் ஒரே தடத்தில் கலந்தது, ருசி கண்டவர்களுக்கு. பீட்டில்ஸ் ஆல்பங்களில் தனியாக மோனோ கலவை செய்யப்பட்டது இதுவே கடைசி, அமெரிக்காவில் இது ஸ்டீரியோவில் மட்டும்தான் வந்தது. வித்தியாசம் சும்மா பெயருக்கு இல்லை. மோனோவில் 'டோன்ட் பாஸ் மீ பை' வேகம் கூடி ஒலிக்கும். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' தேய்ந்து மறைவதோடு சரி, மேலே சொன்ன கொப்புளக் கத்தல் இருக்காது. ஸ்டீரியோவில் பாட்டு மறைந்து, திரும்பி வந்து, அப்புறம்தான் அந்தக் கத்தல்.

என் மாமா வீட்டுல ஒண்ணு இருக்கு, அட்டையில நம்பர் போட்டிருக்கு. நல்ல விலை போகுமா?

முதலில் வந்த பிரதிகள் எல்லாவற்றிலும் வரிசை எண் உண்டு. லட்சக்கணக்கில் அச்சாகும் ஒரு பொருளுக்கு, குறைந்த எண்ணிக்கையில் வரும் ஓவியப் பிரதிக்குப் போடுவது போல நம்பர் போட்டது ஹாமில்டனின் குறும்பு. எண் சிறியதாக இருந்தால்தான் விலை. ரிங்கோ வைத்திருந்த 0000001 பிரதி 2015 டிசம்பரில் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. மாமாவுடையது ஆறு, ஏழு இலக்கம் என்றால் விற்க வேண்டாம். போஸ்டரும் நான்கு படங்களும் உள்ளே இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மாமாவை இன்னும் அன்பாகக் கவனியுங்கள்.

'ரெவல்யூஷன் 9' பாட்டா அது? தாண்டிப் போயிடலாமா?

பாட்டு இல்லை. டேப் துண்டுகளை வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓட விட்டு, கூட்டத்தின் கூச்சல், பியானோ, பின்னோக்கி ஓடும் வாத்தியங்கள், 'நம்பர் நைன்' என்று விடாமல் சொல்லும் ஒரு குரல் எல்லாவற்றையும் அடுக்கிய ஒலிச்சித்திரம். எட்டு நிமிடத்துக்கு மேல், ஆல்பத்திலேயே நீளமானது. செய்தவர்கள் ஜானும் யோகோவும், ஜார்ஜும் கை கொடுத்தார். 'ரெவல்யூஷன் 1' பாட்டின் முதல் பதிவு பத்து நிமிடத்துக்கு மேல் ஓடியது, அதன் வெறிபிடித்த பின்பகுதியை வெட்டி எடுத்ததுதான் இதற்கு அடித்தளம். பாலும் ஜார்ஜ் மார்ட்டினும் இதைச் சேர்க்க வேண்டாம் என்றார்கள். ஜான் விடவில்லை.

தாண்டலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நான்காம் பக்கத்தை ஒரு தடவையாவது முழுதாகக் கேளுங்கள். 'கிரை பேபி கிரை' முடிந்ததும் பெயரே போடாத ஒரு சின்னத் துண்டு வரும், பால் தன்னைத் திரும்ப அழைத்துப் போகச் சொல்லி முனகுவார். உடனே அந்த எட்டு நிமிடக் கெட்ட கனவு. அதற்கு அடுத்த நொடி வயலின்களும் கோரஸும் சூழ 'குட் நைட்' வந்து தலையைத் தடவும். கனவைத் தாண்டிவிட்டு நேரே தாலாட்டுக்கு வந்தால் அது வெறும் சினிமாத்தனமான பாட்டு. பயந்து எழுந்த குழந்தைக்குத்தான் அது வேலை செய்யும்.

ஒரே தட்டா சுருக்கியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்காதா?

ஜார்ஜ் மார்ட்டினே அப்படித்தான் நினைத்தார். முப்பதில் சிறந்தவற்றைப் பொறுக்கி ஒரு பிரமாதமான ஒற்றை ஆல்பம் போடலாம் என்று சொல்லியும் பார்த்தார். எடுபடவில்லை. கழிப்பதே தெரியாதவர்களும் இல்லை. ஜார்ஜின் 'நாட் கில்டி' நூறு டேக்குகளுக்கு மேல் எடுத்தும் கடைசியில் சேரவில்லை, பீட்டில்ஸ் வாசித்த அந்தப் பதிவு அதிகாரபூர்வமாக வெளிவர 1996 ஆயிற்று. ஈஷர் டேப்பில் ஜான் பாடிய ஒரு ரிஷிகேஷ் பாட்டும் விடுபட்டது. வரிகளை மாற்றி 1971-ல் அதை 'ஜெலஸ் கை' ஆக்கினார்.

என் கட்சி, சுருக்கக் கூடாது என்பது. சுருக்கினால் முதலில் போவது 52 விநாடி 'வைல்டு ஹனி பை', அப்புறம் 'ரெவல்யூஷன் 9', அப்புறம் ரிங்கோவின் ஃபிடில் பாட்டு. மிஞ்சுவது நல்ல பாடல்கள் மட்டுமே உள்ள ஒரு ஆல்பம். அப்படிப்பட்டவை அவர்களிடமே வேறு உண்டு.

போன தடவை வாதம் முற்றி, வந்திருந்த ஏழு பேரும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பதினான்கு பாடல் எழுதினோம். இரண்டு சீட்டுகூட ஒத்துப்போகவில்லை. ஏழிலும் இடம்பிடித்தவை மூன்றே மூன்று: 'டியர் புரூடன்ஸ்', கிட்டார் அழுகிற பாட்டு, 'பிளாக்பேர்டு'. சுருக்கியே ஆக வேண்டும் என்று அதிகம் கத்தியவர் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன். அவன் சீட்டைப் பிரித்தால் நான்காவது வரியில் 'வைல்டு ஹனி பை'.

"அது இல்லாம எப்படிண்ணா?" என்றான்.